நான்கு வாளித் தோட்டம்

காலை ஆறரை மணி. பெங்களூர் ஜெயநகரின் குறுக்குத் தெரு ஒன்றில் பால் பாக்கெட்டுகள் இன்னும் வாசல்களில் கிடக்கின்றன. மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தொட்டி தொட்டியாகப் போய் மண்ணுக்குள் ஆள்காட்டி விரலை நுழைத்துப் பார்க்கிறார். விரலின் இரண்டாவது கணுவுக்குள் ஈரம் தட்டினால் அந்தத் தொட்டிக்கு இன்று தண்ணீர் கிடையாது. உலர்ந்திருந்தால் ஒரு செம்பு. ஒரு நாளைக்கு மொத்தம் நான்கு வாளி. வாளிகள் காலியானால் வேலை முடிந்தது.

"முன்னெல்லாம் ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்" என்று சிரிக்கிறார். அது 2024 மார்ச்சுக்கு முந்தைய கதை.

2023இல் மழை ஏமாற்றியது. அடுத்த கோடை பிறந்ததும் நகரின் ஆழ்குழாய்க் கிணறுகள் ஒவ்வொன்றாகக் காற்றைக் கக்கத் தொடங்கின. சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து மேடேற்றிப் பம்பு செய்யப்படும் காவிரித் தண்ணீர்தான் மிச்சம். மார்ச் மாதம் நகரக் குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது: குடிநீரைக் கொண்டு கார் கழுவக் கூடாது, தோட்டத்துக்குப் பாய்ச்சக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம். 'பூங்கா நகரம்' என்று பெயரெடுத்த ஊரில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது குற்றமாயிற்று.

இந்த ஊருக்குத் தோட்டப் பைத்தியம் புதிதல்ல. 1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் இன்று 240 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது. ஜனவரியிலும் ஆகஸ்டிலும் அங்கே கண்ணாடி மாளிகையில் மலர்க் கண்காட்சி நடக்கும்போது, கூட்டத்தில் பாதிப்பேர் கையில் ஒரு நாற்றோடுதான் வீடு திரும்புவார்கள். 1948இல் ராஜாஜி அடிக்கல் நாட்டிய ஜெயநகரில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு மாமரமும் செம்பருத்தியும் இருந்தன. வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுந்ததும் தோட்டம் படியேறி மொட்டை மாடிக்குப் போய்விட்டது. ஆசிரியையின் மாடியில் அந்த மார்ச் மாதம் 62 தொட்டிகள் இருந்தன.

குடியிருப்பில் எல்லோரும் லாரித் தண்ணீருக்குப் பங்கு போட்டுக்கொண்டிருந்த நேரம். "பிள்ளைக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லை, உங்கள் ரோஜாவுக்கு இருக்கிறதா?" என்று கீழ்வீட்டுப் பெண் கேட்டுவிட்டார். கேட்டவர் கெட்டவர் அல்ல. ஆசிரியையிடம் அதற்குப் பதிலும் இல்லை. அன்று இரவு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவைத்து, எவை பிழைக்க வேண்டும் என்று பட்டியல் போட்டார். கறிவேப்பிலை, எலுமிச்சை, துளசி, இரண்டு முருங்கை, கத்திரி, கீரை. 21 ரோஜாக்கள் பட்டியலில் இல்லை. கனகபுரா சாலைப் பக்கம், கிணறு வற்றாத ஓர் உறவினர் தோட்டத்துக்கு அவை ஆட்டோவில் போயின.

மிச்சமிருந்த 41 தொட்டிகளைக் காப்பாற்ற வழி சொன்னவர் ஒரு நாற்றுப்பண்ணைப் பெரியவர். திகளர் சமூகத்தைச் சேர்ந்தவர். பெங்களூரின் தோட்டக்கலை பெரும்பாலும் இந்தச் சமூகத்தின் கைகளில் வளர்ந்தது. இவர்கள் வீட்டில் பேசுவது கன்னடம் கலந்த ஒரு தமிழ். சித்திரைப் பௌர்ணமி இரவில் நகரமே விழித்திருந்து பார்க்கும் கரக விழா இவர்களுடையதுதான். ஒரு காலத்தில் இவர்களின் தோட்டங்களுக்கு ஈரம் கொடுத்த சம்பங்கி ஏரி இன்று கண்டீரவா விளையாட்டரங்கமாகிவிட்டது. கரகச் சடங்குக்காக ஒரு சின்னக் குளம் மட்டும் மிச்சம். தண்ணீர் போன கதை இவர்களுக்குப் பழங்கதை.

ஆசிரியை புலம்பித் தீர்த்ததைக் கேட்ட பெரியவர் கேட்டாராம்: "செடி கேட்டுச்சா அம்மா, நீங்களா ஊத்தினீங்களா? தாகத்துல செத்த தொட்டிச் செடியைவிட, தண்ணி ஊத்தி ஊத்தியே வேர் அழுகிச் செத்ததுதான் நான் அதிகம் பார்த்தது." விரலை மண்ணில் விட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். இருபது வருடமாகச் செடி வளர்ப்பவருக்கு இது பெரிய அடி. "தாத்தா சொன்னதும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து, செத்துப்போயிருந்த ஒரு மல்லிகையைத் தொட்டியோடு கவிழ்த்துப் பார்த்தேன். வேரெல்லாம் கறுத்துக் கூழாக இருந்தது" என்கிறார்.

அதற்குப் பிறகு மாடியின் நடைமுறையே மாறியது. தெருவில் விழும் சருகு தொட்டிகளுக்குப் போர்வையாயிற்று. வெயில் மண்ணின் ஈரத்தை நேராக உறிஞ்ச முடியவில்லை. மண் கலவையில் தென்னை நார்க்கழிவும் மக்கிய சமையலறைக் குப்பையும் கூடின. அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் கீரைக்கு. சோப்பு கலந்த குளியல் தண்ணீர் குரோட்டன்ஸ் மாதிரி அழகுச் செடிகளுக்கு மட்டும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் அதைத் தொடர்ந்து ஊற்றுவதில்லை, மாடி கழுவத்தான்.

பெங்களூர்க் கத்திரிக்காய் என்று தமிழர்கள் சொல்லும் சௌசௌ கொடிதான் அவரை ரொம்பச் சோதித்தது. (பெயரில்தான் பெங்களூர். பூர்வீகம் மெக்சிகோ பக்கம். விதை எடுக்க முடியாது, முளைவிட்ட காயை முழுசாகவே மண்ணில் வைக்க வேண்டும்.) நண்பகலில் அதன் அகன்ற இலைகள் துவண்டு தொங்கும். செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். ஒருநாள் வாளி காலி. வேறு வழியில்லாமல் விட்டுவிட்டார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் அதே இலைகள் நிமிர்ந்து நிற்கின்றன. வெயிலுக்கு இலை துவள்வது வேறு, காலையிலேயே துவண்டு கிடப்பது வேறு என்பது அன்று புரிந்தது.

பூசணிப் பாடம் வேறு மாதிரி. கொடி நிறையப் பூ, காய் மட்டும் இல்லை. மூன்றாவது மாடிக்குத் தேனீ அதிகம் வருவதில்லை. விடிகாலையில் ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து, அடியில் குட்டிக் காய் தெரியும் பெண் பூவில் தடவ வேண்டும். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும், பெண் பூ மூடிக்கொண்டால் அவ்வளவுதான். முதல் காயை நான்காகக் கீறி, ஒரு கீற்றைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். பாத்திரம் வெறுமையாகத் திரும்பவில்லை, புளியோதரையோடு வந்தது.

அந்த ஏப்ரலில் பெங்களூருக்கு மழையே இல்லை. மே முதல் வாரத்தில்தான் முதல் தூறல். ஜூன் 2ஆம் தேதி ஒரே நாளில் 111 மி.மீ. கொட்டி, பல இடங்களில் மரங்கள் சாய்ந்தன. இவர் மாடியில் தக்காளிப் பந்தல் போனது. மழைநீரைப் பிடிக்க ஒரு டிரம் கூட வைத்திருக்கவில்லையே என்று அன்று இரவு முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாராம். இப்போது இரண்டு டிரம் இருக்கின்றன.

2025 பிப்ரவரியில் அதே தடை உத்தரவு மறுபடி வந்தபோது இந்த மாடியில் யாரும் கலங்கவில்லை. நோட்டில் அன்றைய கணக்கு: மூன்றரை வாளி.

கனகபுரா சாலையில் ரோஜாக்கள் தழைத்து நிற்கின்றனவாம். சிவப்பு ஒன்று வேலியைத் தாண்டிப் பூத்திருக்கிறது என்று உறவினர் போனில் சொன்னார். "வந்து பாருங்கள்" என்று நாலைந்து தடவை அழைத்துவிட்டார். ஆசிரியை இன்னும் போகவில்லை.