பக்கத்தில் உட்கார்ந்து பாடியவருக்கு

அன்புள்ள கபேர் வாசுகி அவர்களுக்கு,

ஆலங்குளத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் 'அழகு புரட்சி' பாடல் தொகுப்புக்கும், இசைக்கலைஞர் டென்மாவோடு சேர்ந்து 'குரங்கன்' இசைக்குழுவில் செய்த பாட்டுகளுக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக மனசில் கிடக்கிறது.

எங்கள் பக்கத்தில் பாட்டு என்றால் ஊருக்கே கேட்க வேண்டும். கோயில் கொடை வந்துவிட்டால் தெருவுக்குத் தெரு குழாய் ஸ்பீக்கர். சுடலைமாடன் கோயிலில் கணியான் கூத்துக்கு மகுடம் அடிக்கத் தொடங்கினால் நெஞ்சுக்கூடு அதிரும். வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம் எல்லாமே கூட்டத்துக்கானவை. 1906-இல் செங்கோட்டையில் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா எங்கள் பக்கத்துக்காரர்தான். மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்காரர் வரை எட்ட வேண்டிய குரல் அவருடையது. 1933-இல் சின்ன வயதிலேயே போய்விட்டார். அந்தக் குரலை இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

மெல்லிய குரலுக்கு வழி திறந்தது மைக்தான். 1925-இல் மின் ஒலிப்பதிவு வரும்வரை, இசைத்தட்டுக்குப் பாடுகிறவர்கள் ஒரு கூம்புக்குள் உரக்கப் பாட வேண்டியிருந்தது. பிறகு ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீனிவாஸும் நம் காதோரம் வந்து பாடினார்கள். ஆனாலும் அது சினிமா. குரல் அவர்களுடையது, மனசு கதாநாயகனுடையது.

உங்கள் பாட்டில் கதாநாயகன் இல்லை. சாமி இல்லை, கட்சி இல்லை. கிட்டாரை வைத்துக்கொண்டு, தானே எழுதியதை, பேசுகிற குரலிலேயே ஒருவர் பாடுகிறார். ஹெட்போனில் கேட்டபோது, பாடுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றியது. தமிழில் இப்படியும் பாடலாமா என்று திகைத்துப்போனேன். அங்கிருந்து ஷான் ரோல்டன், பிரதீப் குமார் என்று தேடித் தேடிக் கேட்டேன். கடல் தாண்டி ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக் வரை போனேன். 1972-இல் வந்த அவருடைய 'பிங்க் மூன்' தொகுப்பில் அநேகமாக ஒரு குரலும் ஒரு கிட்டாரும்தான். உயிரோடு இருந்தவரை அவரைக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர். 26 வயதில் இறந்தார். உங்களைக் கேட்டுப் பழகிய காதுக்கு அவர் அந்நியமாகவே இல்லை.

இதைவிடப் பெரிய நன்றி ஒன்று இருக்கிறது. எங்கள் சித்தி பீடி சுற்றுகிறவர். சுளகை மடியில் வைத்து, இலையில் தூளை நிரப்பி நூல் கட்டிக்கொண்டே வாய்க்குள் எதையோ பாடிக்கொண்டிருப்பார். சிறு வயதிலிருந்தே காதில் விழுந்ததுதான். யாரும் அதைப் பாட்டுக் கணக்கில் சேர்த்ததில்லை, சித்தி உட்பட. போன ஆடியில் ஒருநாள், வெளியே காற்று அள்ளிக்கொண்டு போக, பக்கத்தில் போய் உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன். சொல்லெல்லாம் அவருடையது. இறந்துபோன அக்காளிடம் பேசுகிற பாட்டு. அதைக் கேட்கிற காதைக் கொடுத்தவர் நீங்கள்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் இந்தப் பக்கம் வாருங்கள். மேடையும் ஸ்பீக்கரும் வேண்டாம். எங்கள் வீட்டுத் தார்சாவில் இருபது பேர் தாராளமாக உட்காரலாம். சித்தியும் பாடுவதாகச் சொல்லியிருக்கிறார். முதலில் நீங்கள் பாட வேண்டுமாம்.

அன்புடன்,
ஆலங்குளத்திலிருந்து ஒரு நேயர்