வால்பாறை: யானை நிற்கும் இடம் தெரிந்த ஊர்

‘தோட்டத்துக்கு வரும் யானை ஒவ்வொன்றுக்கும் கழுத்தில் ரேடியோ காலர் கட்டிவிட்டால், எங்கே நிற்கிறது என்று செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாமே... வனத்துறை ஏன் செய்வதில்லை?’ மலையடிவாரத்து விவசாயிகள் பலரும் கேட்கும் கேள்வி. யானைகளோடு ஒரே ஊரில் குடித்தனம் நடத்தும் மக்களிடமே இதற்குப் பதில் கிடைக்கும் என்று தோன்றியதால், வால்பாறைக்குப் பஸ் ஏறினேன்.

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறியதும் கண்ணுக்கு எட்டிய தூரம் டீத்தோட்டம்தான். நடுநடுவே சோலைக்காட்டுத் துண்டுகள், ஓடைக்கரை மரங்கள். ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மேட்டுநிலத்தைச் சுற்றிலும் ஆனைமலை, பறம்பிக்குளம் காடுகள். நூறு வருஷத்துக்கு முன்பே மரத்தை வெட்டித் தேயிலை வைத்தார்கள். ஆனால், யானை தன் பழைய தடத்தை விடவில்லை. பகலில் சோலைத் துண்டிலோ ஆற்றோரத்திலோ நிற்கும். இருட்டியதும் தோட்டத்துக்குள் இறங்கி நடக்கும். அரிசி வாசனைக்கு ரேஷன் கடையையும் சத்துணவுக் கூடத்தையும் உடைப்பது இங்கே பழைய கதை.

தேயிலையை யானை தின்பதில்லை. அதனால், நம்மூர் மாதிரி பயிர்ச்சேதம் இங்கே பெரிய பேச்சில்லை. உயிர்ச்சேதம்தான் பேச்சு. வேலை முடிந்தோ, கடைவீதிக்குப் போய்விட்டோ சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். லைன் வீட்டுக்குக் குறுக்கு வழியில் நடப்பார்கள். பனிமூட்டம் வேறு. அடுத்த வளைவில் யானை. இப்படித்தான் பலர் போயிருக்கிறார்கள். யானை துரத்திப் போய்க் கொன்றது என்பதைவிட, யானை நிற்பது தெரியாமல் எதிரே போய் மாட்டிக்கொண்டதுதான் அதிகம். 2002 முதல் இங்கே யானைகளைக் கவனித்து வந்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர் ஆனந்தகுமார் குழுவினர் கண்டுகொண்ட விஷயம் இதுதான்.

அப்படியானால் காலர் கட்டுவதுதானே என்று தோன்றும். கட்டுவது எப்படி என்று பார்த்தால் சிக்கல் புரியும். முதலில் யானைக்கு மயக்க ஊசி சுட வேண்டும். நம் கால்நடை மருத்துவர்கள் மாட்டுக்குப் போடும் சைலசின் மருந்துதான் பெரும்பாலும் இதிலும் சேரும். அளவு குறைந்தால் யானை ஓடும், கூடினால் விழும். மார்பு தரையில் அழுந்த விழுந்துவிட்டால், அதன் எடையே நுரையீரலை அமுக்கி மூச்சுத் திணறும். அதனால் இருபுறமும் கும்கிகளை நிறுத்தி, நின்றபடியே வைத்துக் கட்டுகிறார்கள். கன்றோடு நிற்கும் கூட்டத்தில் இதையெல்லாம் செய்வது இன்னும் கடினம். பேட்டரி தீர்ந்தால் மறுபடி ஊசி.

அரிக்கொம்பனை நினைவிருக்கும். 2023 ஏப்ரல் இறுதியில் இடுக்கி சின்னக்கானலில் பிடித்து, காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே 27-ம் தேதி அது கம்பம் டவுன் தெருவில் நின்றது. கழுத்தில் காலர் இருந்தது, சிக்னலும் வந்தது. ஆனாலும் தெருவுக்கு வந்துவிட்டது. ஜூன் 5-ம் தேதி மறுபடியும் மயக்க ஊசி, மறுபடியும் லாரி, களக்காடு முண்டந்துறை காடு.

ஊசியே போடாமல் கருவியை ஒட்டிவிட முடியுமா என்று உலகம் முழுக்க முயன்று பார்க்கிறார்கள். கனடாவின் ஹட்சன் விரிகுடாப் பக்கம் ஆண் பனிக்கரடிக்குக் காலர் நிற்காது. தலையைவிடக் கழுத்து பருமன், கழன்று விழுந்துவிடும். அதனால், நம் வேட்டியில் நாயுருவி விதை ஒட்டிக்கொள்வதுபோல ரோமத்தில் பிடித்துக்கொள்ளும் சின்னக் கருவியைச் சோதிக்கிறார்கள். இப்போதைக்கு மயக்கிப் பிடித்த கரடிகளுக்குத்தான் மாட்டிப் பார்க்கிறார்கள். திமிங்கிலத்துக்கு இன்னும் சுலபம். படகிலிருந்து நீளக் கம்பால், அண்மைக்காலமாக ட்ரோனிலிருந்தும், ரப்பர் உறிஞ்சிக் கிண்ணம் வைத்த கருவியை முதுகில் ஒட்டிவிடுகிறார்கள். சில மணி நேரம் கழித்துத் தானாகக் கழன்று மிதக்கும், எடுத்துக்கொள்ளலாம்.

யானைக்கு இதெல்லாம் ஒத்துவருமா? ஒட்டிக்கொள்ள அடர்ந்த ரோமம் கிடையாது. தோலோ சுருக்கம். சேற்றில் புரளும், மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும், மரத்தில் முதுகைத் தேய்க்கும். எந்தப் பசை தாங்கும்?

வால்பாறையில் யானையின் உடம்பைத் தொடாமலே வேலை நடக்கிறது. ஏற்கெனவே அதன் மேல் இருக்கும் அடையாளம் போதும் என்கிறார்கள். காது மடலில் எங்கே கிழிசல், தந்தம் மேல்நோக்கியா குறுக்காகவா, வால் நுனியில் முடி இருக்கிறதா, கூட்டத்தில் எத்தனை கன்று என்று பார்த்துப் பெயர் வைத்து அடையாளம் காண்கிறார்கள். களத்தில் நிற்கும் பணியாளர்களும் வனத்துறையினரும் தோட்டத் தொழிலாளிகளும் யானையைப் பார்த்ததும் தகவல் சொல்கிறார்கள். முதலில் இதை உள்ளூர் கேபிள் டி.வி-யில் எழுத்தாக ஓடவிட்டார்கள். 2011 முதல் குறுஞ்செய்தி, எந்த எஸ்டேட் பக்கம் நிற்கிறது என்று தமிழிலேயே. படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பு. மேடான இடங்களில் சிவப்பு விளக்குகள். யானை பக்கத்தில் இருந்தால், பொறுப்பேற்றுக்கொண்ட உள்ளூர்க்காரர் தன் செல்போனிலிருந்தே விளக்கைப் போடுவார். தூரத்திலிருந்தே தெரியும். இந்தப் பணிக்காக ஆனந்தகுமாருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது. அதைவிடப் பெரிது, சாவு வெகுவாகக் குறைந்தது.

“லைட்டு எரிஞ்சா குறுக்கு வழியில இறங்க மாட்டோமுங்க சார். ரோட்டுலயே நாலு பேரா சேர்ந்து போயிருவோம்” என்றார், கொழுந்து மூட்டையை இறக்கிவைத்த ஓர் அம்மா. “அது போற வரைக்கும் டீக்கடையில உக்காந்திருப்போம், அவ்வளவுதான்.”

எல்லா ஊருக்கும் இதையே அப்படியே தூக்கிப்போய் வைக்க முடியாது என்பது என் எண்ணம். வாழையும் கரும்பும் வைத்திருப்பவருக்குச் செய்தி வந்தால் உயிர் தப்பும்; வாழை தப்பாது. யானைகள் ரயிலில் அடிபட்ட கோவை மதுக்கரைத் தண்டவாளப் பகுதியில் வேறு வழி பிடித்தார்கள். 2024-ல் 12 கோபுரங்களில் கேமராக்கள் வைத்தார்கள். யானை தென்பட்டால் கம்ப்யூட்டர் அதை அடையாளம் கண்டு எச்சரிக்கை தரும். அங்கும் யானை மேல் எதுவும் கட்டவில்லை.

உங்கள் பகுதிக்கு வரும் யானையைப் பற்றி ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தேதி, நேரம், எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போனது, எத்தனை உருப்படி, தந்தம், காது, வால். கிட்டே போய் செல்போனில் படம் பிடிக்க வேண்டாம். மறுநாள் தடமும் சாணமும் பார்த்தே பாதி எழுதிவிடலாம். ஒரு பருவம் எழுதினால், எந்த யானை எந்த வழியில் வருகிறது என்று வனவரிடம் விரல் வைத்துக் காட்டலாம். விளக்கு எங்கே வைக்க வேண்டும் என்று வால்பாறையில் முடிவு செய்ததும் இப்படிச் சேர்த்த குறிப்புகளை வைத்துத்தான்.