விழும் பல்லும் விழாத பல்லும்

6 வயதையொட்டிக் குழந்தையின் கீழ்வரிசை முன்பல் ஆடத் தொடங்கியதும் வீடே கூடிவிடுகிறது. எங்கள் டோல்கேட் பகுதியில் ஓட்டு வீடுகள் மிகுந்திருந்த நாளில், விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்து மகிழ்வோம். பின்னர் மாடிக் கட்டடங்கள் எழுந்தன. 2021இல் மெட்ரோ ரயில் நிலையமும் வந்தது. எறியக் கூரையில்லாத என் பேத்தி, தன் பல்லைத் தீப்பெட்டிக்குள் பத்திரப்படுத்தினாள்.

“இதற்கு வேர் எங்கே?” என்று கேட்டாள். நல்ல வினா! அடியிலிருந்து எழும் புதுப்பல், பால்பல்லின் வேரைச் சிறுகச் சிறுகக் கரைத்துவிடுகிறது. பிடிப்பிழந்த பல் தானே உதிர்கிறது.

பால்பற்கள் 20. “எப்படியும் விழப்போவதுதானே” என்று அவற்றின் சொத்தையைப் பொருட்படுத்தாதோர் நம்மில் பலர். ஆனால், பால்பல் தன் பின்வரும் பல்லுக்கு இடம் காத்து நிற்பது. கடைவாய்ப் பால்பற்கள் 10, 12 வயதுவரை இருக்க வேண்டியவை. முன்னரே இழந்தால், அண்டைப் பற்கள் சாய்ந்து அவ்விடத்தை அடைத்துக்கொள்ளும். புதுப்பல் கோணலாக முளைக்கும்.

இன்னொன்றும் உண்டு. அதே வயதில், பால்பற்களுக்குப் பின்னால் 4 பெரிய கடைவாய்ப் பற்கள் ஓசையின்றி முளைக்கின்றன. எப்பல்லும் விழாமலே வருவதால், அவற்றையும் பால்பற்களென்றே பெற்றோர் எண்ணிவிடுகின்றனர். அவையோ ஆயுள் முழுமைக்குமானவை. இழந்தால் மீண்டும் முளைக்கமாட்டா.

ஏழு வயதில் பிள்ளைகளுக்குத் தொழுகையைப் பழக்குகிறோம். உளூவில் வாய் கொப்பளிக்கக் கற்றுத்தருகிறோம். மிஸ்வாக்கின் சிறப்பை எடுத்துரைக்கிறோம். அத்துடன், இரவில் உறங்குமுன் அக்கடைவாய்ப் பற்களை நாமே துலக்கிவிடுவதையும் வழக்கமாக்குவோம். விழுந்த பல்லைக் கொண்டாடும் வீடு, விழக்கூடாத பல்லையும் கவனிக்கட்டும்.