கண்ணாடி நூலும் கடற்படகும்

கலசப்பாக்கத்தில் வாழும் நமக்குக் கடல் தொலைவு. செய்யாற்று மணலே அண்மை. எனினும் பாவும் ஊடையும் அறிந்த ஆரணி வட்டாரத்தார், இன்றைய மீனவரின் படகும் ஒருவகை நெசவே என்றறிந்தால் வியப்படைவர். கண்ணாடியை உருக்கி, மயிரினும் மெல்லிய இழையாக இழுத்து, துணியாக நெய்து, பிசினில் தோய்த்து ஆக்கப்படுவதே கண்ணாடியிழைப் படகு.

நம் கரையோர மக்கள் நெடுங்காலம் மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்திலேயே சென்றனர். நல்ல மரம் அரிதாகி விலையேறியபோது மாற்றுவழி தேடப்பட்டது. குமரி மாவட்டத்து முட்டத்தில், பெல்ஜியம் நாட்டினரான பியேர் ஜில்லே என்பார் ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கி, அம்முயற்சியின் இடர்களை 1985-இல் நூலாகவும் எழுதினார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலைமோதும் கரையில் இறங்கத்தக்க படகுகளைச் சோதித்தது. பின்னர் கண்ணாடியிழைப் படகுகள் கரையெங்கும் பரவின.

இதைக் கட்டும் முறை எளிது, கவனமோ பெரிது. முதலில் அச்சு. அதில் படகு ஒட்டாதிருக்க மெழுகு தேய்க்கின்றனர். அதன்மேல் வண்ணப்பிசின் பூச்சு. இதுவே படகின் வெளித்தோல். பிறகு துண்டிழைகளாலான பாயும், நெய்த தடித்த துணியும் மாறிமாறி அடுக்கப்படுகின்றன. பாய், அடுக்குகளை ஒட்டவைக்கும். துணி, வலிமை தரும். ஒவ்வோர் அடுக்கையும் பிசினால் நனைத்து, உருளையால் உருட்டிக் காற்றுக்குமிழ்களை வெளியேற்ற வேண்டும். பிசினை இறுகச்செய்யும் திரவம் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே போதும். குறைந்தால் பிசின் முழுதும் இறுகாது. மிகுந்தால் சூடேறி வெடிப்பு விடும். பிசின் மிகுந்தால் படகு வலுத்துவிடும் என்பதும் தவறு. வலிமை இழையில் இருக்கிறது. பிசின் அதைப் பிணைப்பதே. ஈரம்பட்ட பாயும், நேர்வெயிலில் செய்யும் வேலையும் கேடு விளைவிக்கும். உள்ளே வைக்கும் மரச்சட்டங்களை எல்லாப் பக்கமும் மூடாவிடில், நீர் புகுந்து அவை உளுத்துப்போகும்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், உதவும் நெஞ்சங்கள் ஆயிரக்கணக்கில் படகுகளை வழங்கின. ஆனால் அவசரத்தில் கட்டப்பட்ட பல படகுகள் தரம் குன்றியிருந்தன. அடுக்குக் குறைந்ததையும், மிதப்பறை இன்மையையும் பளபளக்கும் வண்ணம் மறைத்துவிட்டது. கொடுத்தவர் எண்ணிக்கையைக் கண்டு மகிழ்ந்தார். கடலுக்குச் சென்றவரே அதன் விலையைச் செலுத்த வேண்டியிருந்தது.

பட்டில் இழை விட்டுப்போனால், வெளிச்சத்தில் பிடித்த நொடியே தெரியும். படகின் குறையோ, கரை மறைந்த இடத்தில் அலை அடிக்கும்போதுதான் தெரியும். ஆகவே படகு வாங்குவோரும் வழங்குவோரும் விலையை மட்டும் கேளாது, எத்தனை அடுக்கு, எவ்வகைப் பிசின், நீர் நிறைந்தாலும் மிதக்குமா என்றும் கேட்பாராக. கட்டுவோரும், அச்சிலிருந்து எடுத்தபின் எவரும் காணவியலாத அடுக்கையே முதலில் நேர்மையாய் இடுவாராக. ஒரு குடும்பத்தின் வாழ்வு அந்த அடுக்கின்மேல்தான் மிதக்கிறது.