வசதியான சைக்கிள்

தமிழில் 'வசதி' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. 'வசதியா உக்காருங்க' என்றால் உடம்பைப் பற்றியது. 'அவங்க வசதியானவங்க' என்றால் காசைப் பற்றியது. சைக்கிள் கடைக்குள் போனால் இந்த இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றன. விலை ஏற ஏறச் சைக்கிளின் எடை குறைகிறது, சீட் ஒல்லியாகிறது, ஹேண்டில்பார் கீழே இறங்குகிறது. கூடுதலாகக் காசு கொடுத்தால் கூடுதலாகக் குனியலாம்.

எனக்கு வயது 28. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, கட்டடங்களுக்குக் குளிரூட்டிக் குழாய்கள் வரைகிற வேலையில் இருக்கிறேன். வேலை நாளில் எட்டு ஒன்பது மணி நேரம் நாற்காலிதான். கடைசியாகச் சைக்கிள் ஓட்டியது தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்பில், ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில். எனக்குக் கால் நீண்டது, சைக்கிள் அப்படியே இருந்தது. அடுத்த வருடம் பிஎஸ்எல்இ. சைக்கிளைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டோம். இதில் பெரிய சோகம் ஒன்றும் இல்லை. இந்த ஊரில் பாதிப் பேர் சைக்கிளை விட்டது இப்படித்தான் இருக்கும்.

திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்று தோன்றியது இடுப்பால். உட்கார்ந்தே இருந்ததில் கீழ் முதுகு பிடித்துக்கொண்டது. நடக்கலாம், ஆனால் எனக்கு நடை போரடிக்கும். வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கம். அதுவரை பூங்கா இணைப்புப் பாதை இருக்கிறது. சரி, ஒரு சைக்கிள் வாங்கலாம் என்று முடிவுசெய்து, வேலைப் பழக்கத்தில் எக்செல்லில் ஒரு அட்டவணை போட்டேன். எடை, கியர், சக்கர அளவு, விலை. 'வசதி' என்று ஒரு கட்டமும் போட்டேன். அதில் என்ன எண்ணை எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "எனக்கும் எட்டுமா?" என்று கேட்டார்.

அம்மா எனக்கு முன்பே சைக்கிள்காரி என்பதை நான் அவ்வப்போது மறந்துவிடுகிறேன். அவருக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிப் பக்கம். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல்லுடைக்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று பலரும் அதில் இருந்தார்கள். அம்மாவுக்கு அப்போது இருபது வயது. பெரிய மாமாவின் சைக்கிளில்தான் பழகினார். ஆண்கள் ஓட்டுகிற, குறுக்கே பார் வைத்த சைக்கிள். முதலில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல், பிறகு பாருக்கு மேலே. 1995இல் கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்தார். சைக்கிள் அங்கேயே நின்றுவிட்டது.

பத்திரிகையாளர் சாய்நாத் அந்த இயக்கத்தைப் பற்றி எழுதியதில் ஒரு விஷயம் எனக்கு மறக்கவே மறக்காது. அங்கே சில பெண்கள் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்களாம், அந்தக் குறுக்குப் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதற்காக. 'லேடீஸ் சைக்கிள்' என்று ஒன்றைத் தனியாகச் செய்தவர்கள் பாவாடையைப் பற்றி யோசித்தார்கள். ஓட்டியவர்கள் பிள்ளையைப் பற்றி யோசித்தார்கள். எது வசதி என்பதை ஏற்றிச் செல்கிற சுமைதான் தீர்மானித்திருக்கிறது.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் அசரவே இல்லை. "ஆமா, அதுல என்ன? தண்ணிக் குடம்கூட வெப்போம்" என்றார்.

அதற்குப் பிறகு அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, இந்தச் சைக்கிள் எங்கே போகப்போகிறது, யாருடைய உடம்போடு போகப்போகிறது என்று எழுத ஆரம்பித்தேன்.

முதலில் வேகம். சிங்கப்பூரில் நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் மணிக்கு 25 கிலோமீட்டர் என்பதுதான் வரம்பு. மணிக்கு 40இல் போவதற்காகச் செய்யப்பட்ட வண்டியை நாம் 15இல்தான் ஓட்டப்போகிறோம். அதுவும் எதிரே தள்ளுவண்டியில் பாட்டி, நாய், ஸ்கூட்டரில் குழந்தை. இங்கே வேண்டியது மெதுவாகப் போகும்போது ஆடாத வண்டி. மெதுவாக ஓட்டுவதுதான் கஷ்டம் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். நிமிர்ந்து உட்கார வேண்டும், தலையைத் திருப்பினால் பின்னால் தெரிய வேண்டும், சட்டென்று காலை ஊன்ற முடிய வேண்டும்.

அடுத்தது சீட். கடைகளில் 'கம்ஃபர்ட்' என்று காட்டுவதெல்லாம் பெரிய, மெத்தென்ற சீட்தான். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் உட்காரும்போது நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பின் அடியில் இருக்கிற இரண்டு எலும்புகள். சீட் அளவுக்கு மீறி மெத்தென்று இருந்தால் அந்த எலும்புகள் உள்ளே புதைந்து, நடுவில் இருக்கிற ஜெல் மேலே எழும்பி மென்மையான இடத்தை அழுத்தும். பத்து நிமிடம் சொர்க்கம், நாற்பதாவது நிமிடம் மரத்துப்போகும். நிமிர்ந்து ஓட்டுகிறவர்களுக்கு அகலமான சீட் தேவை, ஆனால் அது ஓரளவு உறுதியாகவும் இருக்க வேண்டும்.

சீட்டின் உயரம் இன்னொரு கதை. சின்ன வயதுப் பழக்கத்தில் எல்லாரும் சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்றுதான் பார்க்கிறோம். அப்படி வைத்தால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அதிகமாக மடங்கும், சீக்கிரம் வலிக்கும். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கடைசிவரை கீழே இருக்கும்போது கால் நேராக நிற்க வேண்டும். பிறகு வழக்கம்போல முன்பாதத்தால் மிதித்தால் முட்டியில் லேசான மடிப்பு மட்டும் மிஞ்சும். அதுதான் சரியான உயரம். அந்த உயரத்தில் சீட்டில் இருந்தபடியே பாதம் முழுக்கத் தரையில் பதியாது. நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்க வேண்டும். இது காலுக்கு வசதி, மனசுக்குப் பயம்.

எனக்கு 157 சென்டிமீட்டர் உயரம், அம்மாவுக்கு 150. பெரும்பாலான சைக்கிள்களில் பெடல் மாட்டியிருக்கிற தண்டு 170 மில்லிமீட்டர். நெட்டையானவருக்கும் அதுவே, அம்மாவுக்கும் அதுவே. குட்டைக் காலுக்கு அது நீளம். பெடல் மேலே வரும்போது முட்டி வயிற்றுப் பக்கம் ஏறும். இதைச் சொன்னபோது ஒரு கடைக்காரர், "லேடீஸ்க்கு இந்த நிறத்துலயும் இருக்கு" என்று ஊதா நிறத்தைக் காட்டினார்.

டயர் விஷயத்தில் எனக்குக் குழப்பம் இல்லை. அகலமான டயர், அளவான காற்று. நம் பாதைகளில் பள்ளம் குறைவு. ஆனால் மரவேர் தூக்கிய இடங்கள், பாதை ஏறி இறங்குகிற விளிம்புகள் உண்டு. மலிவான சைக்கிள்களின் முன்பக்கத்தில் மாட்டியிருக்கிற ஸ்பிரிங் பெரும்பாலும் எடையைத்தான் கூட்டும். இந்த ஊர்ப் பாதைக்கு அகலமான டயருக்குள் இருக்கிற காற்றே போதும்.

கடைசியில் வீடு. வீவக தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும். எங்கள் தாழ்வாரத்தில் அப்பாவின் செடிகள் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டன. ஆக, வீட்டுக்குள் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் மடக்கு சைக்கிள்தான் வந்தது. 20 அங்குலச் சக்கரம், 47 மில்லிமீட்டர் டயர், ஏழு கியர், மட்கார்டு, பின்னால் கேரியர். சின்னச் சக்கரம் என்பதால் மேடு பள்ளம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், ஹேண்டில்பார் சட்டென்று திரும்பும். இரண்டு நாளில் கைக்குப் பழகிவிட்டது. மடக்கினால் ரயிலில் அனுமதிக்கிற 120, 70, 40 சென்டிமீட்டர் அளவுக்குள் அடங்குகிறது. ஆனால் நான் அதை எடுத்ததற்குக் காரணம் வேறு. நடுச் சட்டம் தாழ்வாக இருக்கிறது, காலைத் தூக்கிப் போட வேண்டாம். சீட் தண்டு நீளம். ஒரு பிடியைத் தளர்த்தினால் என் உயரத்திலிருந்து அம்மாவின் உயரத்துக்கு அரை நிமிடத்தில் மாறும். பெடல் தண்டையும் கடைக்காரரிடம் சொல்லிக் குட்டையானதாக மாற்றிக்கொண்டேன். அதற்குத் தனியாகக் காசு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நீர்த்தேக்கத்துக்கு அருகே நின்றிருந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கிற அண்ணன் ஒருவர் பக்கத்தில் நிறுத்தினார். அவருடைய சைக்கிளின் கேரியரில் அரிசி மூட்டை, ஹேண்டிலில் இரண்டு பைகள், சீட்டுக்கு மழை படாமல் பிளாஸ்டிக் பை. என் டயரை விரலால் அமுக்கிப் பார்த்து, "காத்து கம்மியா இருக்கேம்மா" என்றார்.

"வேணும்னுதான் குறைச்சு வச்சிருக்கேண்ணே. குலுங்காம இருக்கும்."

"எனக்குக் குலுங்கினாப் பரவால்ல. மூட்டை வச்சா டயர் உக்காந்துடும்."

அவர் சொன்னது அவருடைய சைக்கிளுக்குச் சரி. அதே பாதை, அதே வெயில், இரண்டு டயரில் இரண்டு அளவு காற்று. அவர் வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போவதும் அந்தச் சைக்கிளில்தான். எனக்கு அது இடுப்புக்கான மருந்து. எனக்கு வசதி என்பதில் சொல்லின் இரண்டாவது அர்த்தமும் சேர்ந்தே வருகிறது என்பதை அன்றைக்கு யோசித்தேன்.

அம்மா முதல் நாள் கீழ்த்தளத்தில் பத்து மீட்டர் ஓட்டினார். முப்பது வருடம் கழித்து. விழவில்லை. "உடம்பு மறக்கல, பயந்தான் புதுசா இருக்கு" என்றார். இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். முட்டி வலிக்கும் என்று நான் படம் வரைந்துகூடக் காட்டினேன். "விழுந்தா எலும்பு போயிடும்டி. முட்டி வலிக்கு தைலம் இருக்கு" என்றார். அந்தக் கணக்கில் எனக்குப் பதில் இல்லை. 53 வயது உடம்பின் வசதியில் பயத்துக்கும் ஒரு பங்கு உண்டு, அதை எந்த சூத்திரத்திலும் போட முடியாது.

சீட் தண்டில் இரண்டு டேப் ஒட்டியிருக்கிறேன். மேலே சிவப்பு எனக்கு, கீழே கறுப்பு அம்மாவுக்கு. வார நாட்களில் நான் வேலைக்குப் போன பிறகு அவர் தனியாக நீர்த்தேக்கம் வரைக்கும் போய் வருகிறார். கேரியரில் கீரையும் வெங்காயமும் வருவதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். போன வாரம் டயருக்குக் காற்றடிக்கக் குனிந்தபோது பார்த்தேன். கறுப்பு டேப் பழைய இடத்தில் இல்லை. கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் மேலே ஏறியிருந்தது.