வாடகைப் புத்தகத்தில் கிடைக்காத கோட்டை!

வைக்கிங் என்றதும் கொம்பு வைத்த ஹெல்மெட்தானே ஞாபகத்துக்கு வருகிறது? மன்னிக்கணும் சார்... அந்தக் கொம்பு பிரபலமானதே 1876-ல் ஜெர்மனியில் அரங்கேறிய வாக்னரின் ஓபரா காஸ்ட்யூமால்தான்! நிஜ வைக்கிங்குக்குக் கொம்பு கிடையாது. கோடரி உண்டு, கப்பல் உண்டு, பசி நிறைய உண்டு.

அந்தப் பசி வந்து இறங்கிய கடற்கரையைப் பார்க்கத்தான் இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் பாம்பரோவுக்குப் போனேன். நியூகாஸிலிலிருந்து வடக்கே ஏறக்குறைய எண்பது கிலோ மீட்டர். ஊர் சின்னது. ஆனால், ஊருக்குப் பக்கத்தில் சுமார் 150 அடி உயரத்துக்குக் கறுப்பாக ஒரு எரிமலைப் பாறை. அதன் தலையில் கோட்டை. கோட்டைக்குள் போக டிக்கெட். கடற்கரையில் காற்று வாங்க இலவசம். காற்று என்றால் சாதாரணக் காற்றா? மஃப்ளரை அவிழ்த்துக்கொண்டு நார்வே பக்கம் கிளம்பிவிடுகிறது!

மதில் மேல் நின்றால் வடக்கே லிண்டிஸ்ஃபார்ன் தீவு தெரிகிறது. 793-ல் அங்கிருந்த மடாலயத்தை வைக்கிங்குகள் சூறையாடினார்கள். சரித்திரப் புத்தகங்கள் வைக்கிங் யுகத்தை அந்தக் கொள்ளையிலிருந்துதான் கணக்குப் போடத் தொடங்குகின்றன. 993-ல் இந்தப் பாம்பரோவும் அவர்களிடம் அடி வாங்கியது.

இதே கோட்டையைப் பழைய பெயரான 'பெப்பன்பர்க்' என்று சொல்லி, 2004-லிருந்து 2020 வரை பதின்மூன்று சாகச நாவல்கள் எழுதித் தள்ளினார் பெர்னார்ட் கார்ன்வெல். ஹீரோ உட்ரெட். கோட்டைத் தலைவனின் மகன். சின்ன வயசிலேயே டேனிஷ் வைக்கிங்குகள் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அங்கே இன்னொரு அப்பா! சொந்த மகன் மாதிரியே வளர்க்கிறார். இந்தப் பக்கம் சித்தப்பா கோட்டையை அமுக்கிக்கொள்கிறார். பையன் பாதி சாக்ஸன், பாதி வைக்கிங். யார் பக்கம் வாள் தூக்குவது? அதுதான் கதை. சொத்தைத் திரும்பப் பிடிக்கப் பத்தாவது நாவல் வரை ஆகிறது. சிவில் கேஸ் கூட இதைவிடச் சீக்கிரம் முடியும்!

சரி, கார்ன்வெல்லுக்கு ஏன் இந்தப் பாறை மேல் இத்தனை ஆசை?

அவர் 1944-ல் பிறந்தார். அப்பா, யுத்தத்துக்காக வந்த கனடா விமானப்படைக்காரர். அம்மா ஆங்கிலேயப் பெண். குழந்தை தத்துப் போனது, போரே கூடாது என்கிற கறாரான மதக் குழு ஒன்றைச் சேர்ந்த குடும்பத்துக்கு. வளர்ந்து டி.வி. ஜர்னலிஸ்ட் ஆனார். அமெரிக்கப் பெண் மேல் காதல். 1980-ல் அங்கே போனால் கிரீன் கார்டு கிடைக்கவில்லை. பர்மிட் இல்லாமல் செய்யக்கூடிய வேலை என்ன? நாவல் எழுதுவது! எழுதினார், ஜெயித்தார்.

ஐம்பது வயசைத் தாண்டிய பிறகுதான் பெற்ற அப்பாவைக் கனடாவில் முதன்முதலாகச் சந்தித்தார். அப்பாவின் குடும்பப் பெயர் 'ஊட்ரெட்'! அவர்களிடம் ஒரு வம்சாவளிப் பட்டியல் இருந்தது. அது பாம்பரோவை ஆண்ட உட்ரெட்டுகள் வரை போய் நின்றது. தத்துப் பிள்ளைக்கு எழுதுவதற்கு வேறென்ன கதை வேண்டும்?

மதிலைத் தொட்டுப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... நாவலில் வரும் மரக்கோட்டை இப்போது இல்லை. 1894-ல் ஆயுத வியாபாரி ஆம்ஸ்ட்ராங் பிரபு வாங்கி, புதுப்பித்துக் கட்டியதுதான் இன்று போட்டோவில் விழும் கோட்டையில் பெரும்பகுதி. டி.வி. சீரியலுக்கும் பெரும்பாலான ஷூட்டிங் ஹங்கேரியில்! நிஜமாக மிச்சம் இருப்பது பாறையும் கடலும்தான்.

கோட்டைக்குக் கீழே, மணல்மேட்டில் ஒரு பழைய இடுகாட்டைத் தோண்டினார்கள். வைக்கிங் வருகைக்கும் முந்தைய எலும்புகள். பல்லைச் சோதித்துப் பார்த்தால், பலர் உள்ளூர்க்காரர்களே இல்லை. ஸ்காண்டிநேவியா, அயர்லாந்து, மத்தியதரைக் கடல் பக்கத்து ஆசாமிகள்கூட உண்டு. 2016-ல் அத்தனை பேரையும் ஊர்ச் சர்ச்சின் நிலவறையில் ஒன்றாக வைத்தார்கள்.

எங்கிருந்தோ வந்தவர்களைச் சொந்தக்காரர்களாக வைத்துக்கொள்வது இந்த ஊருக்குப் பழக்கம்தான் போலிருக்கிறது. உட்ரெட் வீணாகப் பத்து நாவல் சண்டை போட்டிருக்கிறான்!