நின்றவூர்க்காரர் கட்டின மாதிரி

அப்பா ஐசியூவில் கிடந்த நாட்களில், ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்குக் கண் மூடவில்லை. அத்தைதான் சொன்னாள்: "நம்ம பழைய வீட்டை மனசுக்குள்ள கட்டு. கடக்கால்ல இருந்து ஆரம்பி. அவசரப்படாதே, ஒவ்வொரு கல்லா வை."

விற்றுவிட்ட வீடு அது. கட்டினேன். மூன்றாம் இரவு அண்ணன் படுக்கும் அறைச் சுவரில் வேலை நின்றுபோனது. வீட்டை விற்ற தகராறில் அவனோடு இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. விடிந்ததும் போன் செய்தேன்.

அப்பா வீடு திரும்பிய பிறகு, இதை எங்கே பிடித்தாய் என்று அத்தையைக் கேட்டேன். "எங்க தாத்தா சொல்வார், நின்றவூர்க்காரர் கட்டின மாதிரி கட்டணும்னு."

அரக்கோணம் மார்க்கத்து மின்சார ரயிலில் ஏறித் திருநின்றவூரில் இறங்கினேன். இருதயாலீஸ்வரர் கோயில் வாசலில் பூக்காரம்மா கேட்ட முதல் கேள்வி, "யாருக்கு ஹார்ட்டு?" இதய நோய்க்காரர்கள் வேண்டிக்கொள்ளும் கோயில் இது. கருவறையிலேயே பூசலார் நாயனாரும் இருக்கிறார்; தாத்தா சொன்ன நின்றவூர்க்காரர் இவர்தான்.

சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் இவருக்குப் பெயரும் ஊரும் ஓர் அடைமொழியும்தான். கதையை விரித்தவர் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார். கோயில் கட்டப் பொருள் தேடி அலைந்து கிடைக்காமல் மனத்தில் கட்டினார் என்பது எல்லோருக்கும் தெரியும். பெரிய புராணத்தை எடுத்து மெதுவாகப் படித்தபோது வேறொன்று பிடிபட்டது. ஒரே நினைப்பில் கோபுரம் எழுப்பிவிடவில்லை மனிதர். தச்சரைத் தேடுகிறார், நாள் பார்க்கிறார், இரவெல்லாம் விழித்து வேலை செய்கிறார். சிகரம் வைத்த பிறகும் சுதை வேலை, கிணறு, மதில், குளம் என்று இழுத்துக்கொண்டே போகிறார். மனத்தில் கட்டும் கோயிலுக்குக் கிணறு எதற்கு? அத்தையின் "ஒவ்வொரு கல்லா" இங்கேதான் இருந்தது. பகற்கனவில் கிணறு வெட்டுகிற வேலை வராது. அதனால்தான் அது ஆளைத் தேற்றுவதில்லை என்று நினைக்கிறேன்.

காஞ்சிக்கும் போனேன். பல்லவரான காடவ மன்னர் தம் கற்றளிக்குக் குறித்த நாளிலேயே பூசலாரும் குடமுழுக்கு வைத்திருந்ததால், நாளைத் தள்ளி வை என்று சிவன் மன்னர் கனவில் வந்து சொன்னார் என்பது கதை. அந்தக் கற்றளி ராஜசிம்ம பல்லவன் எடுத்த கைலாசநாதர் கோயில் என்பார்கள். அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, கலியுகத்திலும் இந்த அரசன் அசரீரி கேட்டான் என்று வியக்கிறது. சேக்கிழாருக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டு முந்திய கல். பூசலார் பெயர் அதில் இல்லை. ஆனாலும் வெயிலில் அந்த எழுத்துகளின் முன்னால் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

ஊர் திரும்பி அத்தையிடம் கல்வெட்டு, பல்லவன் எல்லாம் சொன்னேன். வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள், "அது சரி, கிணத்தை எந்த மூலையில வெட்டினாராம்?" என்றாள்.

மறுபடி புத்தகத்தை எடுத்துப் பார்க்க வேண்டும்.